மாண்டலின் கடினப்பெட்டி

மாண்டலின் கடினப்பெட்டி என்பது மாண்டலின் இசைக்கருவியை அடி, அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக, விறைப்பான வெளியோடும் மென்மையான உட்புறமும் கொண்டு செய்யப்படும் பெட்டி ஆகும். பேச்சு வழக்கில் இது "ஹார்டு கேஸ்" அல்லது "கேஸ்" என வழங்கப்படுகிறது. துணியாலும் மெல்லிய பஞ்சாலும் ஆன மென்னுறையிலிருந்து இது வேறுபட்டது. மென்னுறை தூசியையும் கீறலையும் தடுக்கும். கடினப்பெட்டி அவற்றோடு மோதலையும் மேலிருந்து வரும் சுமையையும் தாங்கும்.

தமிழ்நாட்டில் சமவெளியிலிருந்து கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்குக் கருவியைக் கொண்டு செல்வோருக்குப் பெட்டியின் தேர்வு முக்கியமானது. பழனி மலையில் ஏறும் சில மணி நேரத்திற்குள் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய மூன்றும் பெருமளவு மாறுகின்றன. எடை குறைந்த பெட்டியைப் பயணி மடியிலோ தோளிலோ வைத்துக்கொள்ள இயலும். எடை மிகுந்த பெட்டி பெரும்பாலும் வண்டியின் சுமைப்பகுதிக்குச் சென்றுவிடுகிறது. எனவே எடைக் குறைப்பும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. ஆயினும் அக்குறைப்பு வெளியோட்டின் பொருளாலும் வடிவத்தாலும் கிடைத்ததாக இருத்தல் வேண்டும். கழுத்துத் தாங்கலையும் உள்ளணையையும் குறைத்துக் கிடைத்ததாக இருத்தல் கூடாது.

## பின்னணி

இசைக்கருவிகளை உறையிலிட்டு மலைவழியே கொண்டு செல்வது தமிழ்நாட்டில் பழமையான வழக்கமாகும். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைப் பைகளில் கட்டிச் சுமந்துகொண்டு மலைநாட்டின் வழியே நன்னனைக் காணச் செல்வதைப் பாடுகிறது. கருவிகள் இட்ட பை அந்நூலில் "கலப்பை" எனப்படுகிறது. கலம் என்னும் சொல் இங்கு இசைக்கருவியைக் குறிக்கும். உழவுக் கருவியான கலப்பை வேறு.

மாண்டலின் இத்தாலியில் உருவான நரம்புக்கருவியாகும். இதனைக் கருநாடக இசைக்கு உரிய கருவியாக நிலைநிறுத்தியவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). ஆந்திரப் பிரதேசத்தின் பாலகொல்லுவில் பிறந்த இவர் சிறுவயதிலேயே சென்னையில் கச்சேரிகள் செய்து புகழ்பெற்றார். 1998 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. மேற்கத்திய மாண்டலினில் நான்கு இணைகளாக அமைந்த எட்டுத் தந்திகளுக்கு மாறாக, இவர் ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைப் பயன்படுத்தினார். பின்னர் ஐந்து தந்திகள் கொண்ட கருவியை வாசித்தார். இதனால் தமிழ்நாட்டில் இன்று இருவகை மாண்டலின்களும் புழக்கத்தில் உள்ளன. இரண்டிற்கும் ஒரே பெட்டி பொருந்துவது அரிது.

## கருவி வகைகளும் பெட்டி வடிவமும்

பெட்டியின் உட்புற வடிவம் கருவியின் வகையைப் பொறுத்தது.

* நாப்போலி வகை: பின்புறம் குடம்போல் உருண்டிருக்கும். ஆழம் மிகுந்த பெட்டி தேவை. தட்டையான பின்புறம் உடைய கருவிக்கென அமைந்த பெட்டியில் இதனை வைத்தால் மூடி குதிரையை அழுத்தும்.
* ஏ வகை: நீர்த்துளி வடிவ உடல் கொண்டது. பின்புறம் தட்டையாகவோ சற்றே வளைந்தோ இருக்கும்.
* எப் வகை: உடலின் ஒரு பக்கம் சுருளும் மறுபக்கம் கூர்முனைகளும் உடையது. கூர்முனைகள் எளிதில் உடைவதால் அவற்றைச் சுற்றி இடைவெளி வேண்டும். ஏ, எப் வகைகள் இரண்டும் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தால் பரவலாயின.
* மின்மாண்டலின்: திண்மையான மரத்தால் ஆன உடல் கொண்டது, தடிமன் குறைவு. உடல் எளிதில் உடையாது. கழுத்து, முறுக்காணிகள், ஒலிவாங்கி, குமிழ்கள் ஆகியவற்றிற்கே பாதுகாப்புத் தேவை.

ஏ, எப் வகை மாண்டலின்கள் பொதுவாக ஏறத்தாழ 70 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் 1 முதல் 1.3 கிலோகிராம் வரை எடையும் கொண்டவை. எனவே பல பெட்டிகள் தம்முள் இருக்கும் கருவியைவிட இரு மடங்குக்கு மேல் எடை உடையவையாக உள்ளன.

## எளிதில் சேதமுறும் பகுதிகள்

எட்டுத் தந்தி மாண்டலினில் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. கருவி எப்பொழுதும் இவ்விசையைத் தாங்கியே இருக்கிறது. ஆதலால் சிறிய மோதலும் பெருஞ்சேதத்தை விளைவிக்கக்கூடும்.

* கழுத்தும் தலையும் சேருமிடம்: கருவி மல்லாந்து விழும்போது உடல் நின்றுவிட, தலைப்பகுதி தன் நிலைமத்தால் தொடர்ந்து நகர முற்படுகிறது. அப்பொழுது இவ்விடம் முறிகிறது.
* குதிரை: வளைந்த மேற்பலகை உடைய மாண்டலின்களில் குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தமே அதனை நிறுத்துகிறது. மூடி குதிரையை அழுத்தினால் மேற்பலகை அமிழ்ந்து பிளவுபடலாம்.
* மேற்பலகை: பெரும்பாலும் ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. ஈரப்பத மாற்றம் முதலில் பாதிப்பது இதனையே.
* ஒட்டிய இணைப்புகள்: கருவி செய்வதில் பயன்படும் பசைகள் பல, கடும் வெப்பத்தில் இளகக்கூடியவை. வெயிலில் மூடி நிறுத்திய மகிழுந்தினுள் பெட்டியை வைப்பதால் பலகைகள் விலகுவதும் கழுத்து வளைவதும் நேர்கின்றன.

## பழனி மலைச் சூழலின் தாக்கம்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டிற்கும் இடைப்பட்ட மலைச்சாலை ஊத்து, பெருமாள்மலை ஆகிய இடங்கள் வழியாக வளைந்து செல்கிறது. பேருந்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏறிவிடலாம்.

### வெப்பநிலை

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. இதன்படி அடிவாரத்திற்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஏறத்தாழ 12 பாகை வேறுபாடு உண்டு. கோடையில் அடிவாரம் 38 பாகையைத் தொடும் நாட்களில் கருப்பு நிறப் பெட்டி வெயிலில் அதைவிட மிகுதியாகச் சூடேறும். வெளிர்நிறப் பெட்டி குறைவாகவே சூடேறும்.

திரும்பும் பயணத்தில் இதற்கு எதிரான நிலை ஏற்படுகிறது. மலையின் குளிரில் இருந்த கருவியைச் சமவெளியின் ஈரமான வெப்பக் காற்றில் உடனே திறந்தால், தந்திகளிலும் மெட்டுகளிலும் பனித்துளிபோல் நீர் படியும். காற்று 32 பாகை வெப்பமும் 55 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால், ஏறத்தாழ 22 பாகைக்குக் குறைவான எப்பரப்பிலும் நீர் படியும்.

### ஈரப்பதம்

காற்று ஒரு வெப்பநிலையில் கொள்ளக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை விழுக்காடு உள்ளது என்பதே ஒப்பு ஈரப்பதம் ஆகும். மரம் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்திற்கு ஏற்ப நீரை ஏற்கவும் விடவும் செய்கிறது. அறை வெப்பநிலையில் மரம் அடையும் சமநிலை ஈர அளவு (உலர்ந்த மரத்தின் எடையில் விழுக்காடு) பின்வருமாறு:

* ஒப்பு ஈரப்பதம் 30 – மரத்தின் ஈரம் ஏறத்தாழ 6
* ஒப்பு ஈரப்பதம் 40 – மரத்தின் ஈரம் ஏறத்தாழ 8
* ஒப்பு ஈரப்பதம் 50 – மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9
* ஒப்பு ஈரப்பதம் 70 – மரத்தின் ஈரம் ஏறத்தாழ 13
* ஒப்பு ஈரப்பதம் 80 – மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16

ஸ்புரூஸ் மேற்பலகை தன் ஈரம் 1 விழுக்காடு மாறும்போது அகலவாக்கில் ஏறத்தாழ 0.14 விழுக்காடு மாறுகிறது. 70 விழுக்காடு ஈரப்பதத்தில் இருந்த கருவி பல நாட்கள் 40 விழுக்காட்டில் இருக்க நேர்ந்தால், 25 செ.மீ. அகலமுள்ள பலகை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்க முற்படும். பலகையின் ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் அது தடையின்றிச் சுருங்க முடியாது. எனவே பிளவு உண்டாகிறது.

கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழையும் மூடுபனியும் மிகுதி. சனவரி முதல் மார்ச் வரை பகல் வேளையில் காற்று வெகுவாக உலர்ந்திருக்கும். குளிருக்காக அறையில் வெப்பமூட்டியோ கணப்போ பயன்படுத்தினால் அறைக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் மேலும் குறையும்.

இங்கு பெட்டியின் பணி, ஈரப்பத மாற்றத்தை முற்றிலும் தடுப்பது அன்று. அதனை மெதுவாக்குவதே ஆகும். மூடிய பெட்டியினுள் ஏறத்தாழ 20 லிட்டர் காற்று இருப்பதாகக் கொண்டால், சமவெளியின் ஈரக்காற்றாக இருப்பினும் அதிலுள்ள நீர் அரை கிராமுக்கும் குறைவே. கருவியின் மரத்தில் உள்ள நீரோ 100 கிராம் அளவில் இருக்கும். ஆகவே நன்கு மூடும் பெட்டியினுள் காற்று மரத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. மரமே காற்றின் ஈரப்பதத்தைத் தீர்மானிக்கிறது. ஓரங்களில் இடைவெளி உள்ள பெட்டியில் வெளிக்காற்று தொடர்ந்து புகுவதால் இப்பயன் கிட்டாது.

### காற்றழுத்தம்

திட்டக் காற்று மண்டலக் கணிப்பின்படி கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 780 ஹெக்டோபாசுக்கல். வத்தலக்குண்டில் ஏறத்தாழ 975 ஹெக்டோபாசுக்கல். ரப்பர் வளையத்தால் காற்றுப் புகாவண்ணம் அடைக்கப்படும் பெட்டிகளில் இது கவனிக்கத்தக்கது. மலையில் மூடிய அத்தகைய பெட்டியை அடிவாரத்தில் திறக்க முற்பட்டால், வெளியழுத்தம் மூடியைப் பல நூறு கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கும். எனவே இவ்வகைப் பெட்டிகளில் அழுத்தச் சமன் அடைப்பிதழ் இருத்தல் வேண்டும். சாதாரணக் கீலும் தாழும் கொண்ட பெட்டிகள் முழுமையாகக் காற்றை அடைப்பதில்லை என்பதால் இச்சிக்கல் அவற்றில் எழுவதில்லை.

## பெட்டி வகைகள்

கீழுள்ள எடைகள் பொதுவான தோராய அளவுகளே. செய்நிறுவனத்தைப் பொறுத்து இவை மாறும்.

* விறைப்பு நுரைப்பெட்டி (1 முதல் 2 கிலோகிராம்): விறைப்பான நுரையின் மேல் நைலான் துணி போர்த்தப்பட்டது, பல்லிணைப்பால் மூடப்படும். எடை மிகக் குறைவு. தெர்மோகோல் போன்ற நுரைகள் வெப்பத்தை எளிதில் கடத்தா. அவற்றின் வெப்பக் கடத்துதிறன் ஒட்டுப்பலகையினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மேலிருந்து வரும் பளுவைத் தாங்கும் திறன் குறைவு. பல்லிணைப்பு வழியே மழைநீர் புகலாம்.
* ஒட்டுப்பலகைப் பெட்டி (2.5 முதல் 4 கிலோகிராம்): மரபான வகை. விலை மிதமானது, பழுது பார்ப்பது எளிது. நீண்ட நாள் ஈரத்தில் அடுக்குகள் பிரியக்கூடும்.
* ஏ.பி.எஸ். நெகிழிப் பெட்டி (2.5 முதல் 4 கிலோகிராம்): மழையைத் தாங்கும். கீல் பொருத்திய இடங்களில் விரிசல் விட வாய்ப்புண்டு.
* கண்ணாடியிழைப் பெட்டி (2 முதல் 4.5 கிலோகிராம்): "ஃபைபர் கேஸ்" எனப்படுவது. வீணைக் கலைஞர்களிடமும் இவ்வகை பரவலாக உள்ளது. வலிமை மிக்கது. எடை, இழை அடுக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.
* கரிம இழைப் பெட்டி (2 முதல் 3 கிலோகிராம்): ஒரே எடையில் கண்ணாடியிழையைவிடப் பன்மடங்கு விறைப்பானது. விலை மிகுதி, நடுத்தர விலைக் கருவியின் விலையையே எட்டக்கூடும்.
* காற்றடைப்புப் பெட்டி (4 கிலோகிராமும் அதற்கு மேலும்): பாலிபுரோப்பிலீன் நெகிழியால் ஆன பெட்டி. சுமையாக அனுப்பும் கருவிகளுக்கு ஏற்றது. தோளில் சுமக்க ஏற்றதன்று.

தகடு ஒன்றின் வளைவு விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. எனவே தட்டையான மூடியை மெலிதாக்கினால் அது எளிதில் நெளிந்துவிடும். வளைந்த மூடி, மெலிதாக இருப்பினும் பளுவை ஓரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும். எடை குறைந்த நல்ல பெட்டிகளின் மூடி கவிகைபோல் வளைந்திருப்பதன் காரணம் இதுவே.

## மோதல் தாங்கும் முறை

விழும் பொருளின் மீது செயற்படும் விசை, அது நிற்பதற்குக் கிடைக்கும் தொலைவைப் பொறுத்தது. இடுப்பளவு உயரமான 75 செ.மீ. இலிருந்து பெட்டி தரையில் விழுவதாகக் கொள்வோம். உள்ளணை 2 செ.மீ. அமுங்கினால் கருவி சராசரியாகத் தன் எடையைப் போல் 37 மடங்கு விசைக்கு உட்படும். உள்ளணை 5 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கினால் அவ்விசை 150 மடங்காகிறது. வெளியோடு எவ்வளவு வலியதாயினும், உள்ளணை மெல்லியதாகவோ கல்போல் இறுகியதாகவோ இருப்பின் ஓடு உடையாது, கருவி உடையும்.

விரலால் எளிதில் தரைவரை அழுந்தும் பஞ்சும் பயன் தராது. சற்று அழுந்தி மெதுவாக மீளும் நுரையே ஏற்றது.

## தேர்வு செய்தல்

### அளவெடுத்தல்

கருவியில் பின்வரும் நான்கு அளவுகளை எடுத்து, பெட்டியின் உள்ளளவுகளோடு ஒப்பிட வேண்டும்:

1. தலைமுனை முதல் அடிவரை மொத்த நீளம்
2. உடலின் மிகுந்த அகலம்
3. பின்பலகை முதல் குதிரையின் உச்சிவரை ஆழம்
4. முறுக்காணிக் குமிழ்கள் உட்படத் தலைப்பகுதியின் அகலம்

### பொருத்தச் சோதனை

* கருவியை வைத்தபின் கழுத்தின் அடிப்புறம் தாங்கலில் படிய வேண்டும். தலைப்பகுதி எதிலும் படாமல் நிற்க வேண்டும்.
* குதிரையின் மேல் ஒரு தாள்துண்டை வைத்து மூடியபின் இழுத்தால், அது தடையின்றி வெளிவர வேண்டும். சிக்கினால் மூடி குதிரையை அழுத்துகிறது எனக் கொள்ளலாம்.
* மூடிய பெட்டியை மெல்லச் சாய்த்து அசைத்தால் உள்ளே கருவி நகரும் ஓசை கேட்கக் கூடாது.
* வெறும் பெட்டியின் மூடியை உள்ளங்கையால் அழுத்தும்போது அது குழிந்து குதிரையின் உயரத்தைத் தொடக் கூடாது.
* மூடிய நிலையில் ஓரம் முழுதும் சீராகப் பொருந்த வேண்டும். இருட்டறையில் பெட்டியினுள் ஒளிவிளக்கை வைத்து மூடினால் இடைவெளிகள் தெரியும்.
* கைப்பிடி, கீல், தோள்வார் வளையம் ஆகியன ஓட்டினுள் உலோகத் தகட்டுடன் தறையப்பட்டிருக்க வேண்டும். இலேசான பெட்டிகளில் முதலில் பழுதாவது இப்பகுதிகளே.

### முன்னுரிமை

தேர்வின்போது முதலில் பொருத்தமும் கழுத்துத் தாங்கலும், அடுத்து மூடியின் விறைப்பும் ஓர அடைப்பும், பின்னர் வெப்பத்தடையும், இறுதியாக எடையும் விலையும் கருதப்படுகின்றன. முதலிரண்டும் நிறைவாக உள்ள பெட்டிகளுள் எடை குறைந்ததைக் கொள்வதே முறையாகும். பேருந்தில் கருவியை மடியில் வைத்துச் செல்லும் மாணவருக்கு நுரைப்பெட்டியும் அதன்மேல் மழையுறையும் பெரும்பாலும் போதுமானவை. பிறர் கையாளும் சுமையாகக் கருவியை அனுப்ப நேரும் கலைஞருக்கு இழைப்பெட்டி தேவைப்படும். சிறப்பான கருவி திருத்துநர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளனர். மலையில் முறிந்த கழுத்தைக் கச்சேரிக்கு முன் சரிசெய்ய வழியிராது.

## பயணத்தில் கவனிக்கத்தக்கவை

சாலை: கொண்டையூசி வளைவுகளில் சுமைத்தட்டில் உள்ள பொருட்கள் சரிந்து விழக்கூடும். பெட்டியை மடியிலோ கால்களுக்கு இடையே நிமிர்த்தியோ வைப்பது நல்லது. பேருந்தின் பின்புறச் சுமையறையும் எந்திரத்தின் அருகிலுள்ள இடமும் வெப்பம் மிகுந்தவை.

தொடர்வண்டி: அருகிலுள்ள நிலையம் கொடைக்கானல் ரோடு ஆகும். இது கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் சமவெளியில் உள்ளது. இரவுப் பயணத்தில் குளிரூட்டிய பெட்டியின் உலர்ந்த காற்றிலிருந்தும் கருவி காக்கப்பட வேண்டும்.

வானூர்தி: அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரை ஆகும். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் கைச்சுமைக்குப் பொதுவாக 7 கிலோகிராம் எடையும் 55 செ.மீ. நீளமும் எல்லையாக உள்ளன. பெட்டியிட்ட மாண்டலின் எடை எல்லைக்குள் அடங்கும். நீள எல்லையைக் கடக்கும். ஆகவே முன்கூட்டியே நிறுவனத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். அமெரிக்காவில் 2012 இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன்கீழ் 2015 இல் நடைமுறைக்கு வந்த விதியும், இடம் இருக்கும்போது சிறிய இசைக்கருவிகளைப் பயணியர் அறையில் ஏற்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன.

கருவியைச் சுமையாக அனுப்பும்போது தந்திகளை ஓரிரு சுரம் தளர்த்தலாம். முழுவதும் தளர்த்தினால் ஒட்டப்படாத குதிரை சாய்ந்து மேற்பலகையைக் கீறும்.

## பராமரிப்பு

* சென்றடைந்ததும் பெட்டியை உடனே திறவாது, அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தபின் திறக்க வேண்டும்.
* மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொதியைப் பெட்டியினுள் வைக்கலாம். நிறம் மாறியபின் அதனைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். உலர்ந்த மாதங்களில் அதனை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மரம் அளவுக்கு மீறி உலரும்.
* ஈரத்தை ஏற்கவும் விடவும் வல்ல இருவழிப் பொதிகள் ஆண்டு முழுவதும் பயன்படும். சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டியினுள் வைத்து, அளவு 45 முதல் 55 விழுக்காடு வரை உள்ளதா எனப் பார்ப்பது சிறந்தது.
* நனைந்த பெட்டியில் கருவியை வைத்திருத்தல் கூடாது. வெல்வெட் உள்துணியில் பூஞ்சை எளிதில் வளரும். வெயில் உள்ள நாளில் வெறும் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.
* கீலாணிகளையும் தாழ்களையும் ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் சரிபார்க்க வேண்டும்.

## இவற்றையும் பார்க்க

* மாண்டலின்
* உ. ஸ்ரீநிவாஸ்
* வீணை
* மலைபடுகடாம்
* பழனி மலை
* கொடைக்கானல்
* ஒப்பு ஈரப்பதம்